அடுத்து எதைச் செய்வது: புதுக் குளமா, ஒரு போக ஆட்டமா?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு நாலு பேர் ஒரு வியூக விளையாட்டைச் செய்து வெளியிட்டிருக்கிறோம். போனில் ஓடும், இணையம் தேவையில்லை, தனியே இருந்து ஆடுவது. ஒரு குளமும் அதன் கீழ் வயல்களும் உங்கள் பொறுப்பு. போகம், அதாவது ஒரு பயிர்க் காலம், தொடங்கும்போது குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். அப்புறம் மதகு திறப்பது, வாய்க்கால் திருத்துவது, யானை வேலிக்குக் காசு ஒதுக்குவது, மழை பிந்தினால் யாருடைய வயலைக் கைவிடுவது என்று போகும். இரணைமடுக் குளத்தின் சிறுபோக (கோடைப் பயிர்) கூட்டமொன்றில் போய் இருந்து பார்த்தவருக்கு இதில் வியூகம் எங்கே என்று விளக்கத் தேவையில்லை. துவக்கு, டாங்கி எதுவும் கிடையாது. வன்னியில் செய்கிற விளையாட்டில் அது வேண்டாம் என்று நாங்கள் வாக்கெடுப்பு வைக்கவும் இல்லை.

ஆட்டம் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. இறக்கி ஆடுகிறார்கள், இரண்டு மூன்று குளம் (ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு குளம்) தாண்டுகிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கும் அனுப்பி வைக்கிறார்கள், பிறகு மெல்ல மெல்லத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். அடுத்த காலபோக (மாரிப் பயிர்) விதைப்புக்கு முன்னர் ஒரு பெரிய வேலை செய்ய எங்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒருவருக்கு வயல், மற்றவர்களுக்குச் சம்பள வேலை. எங்கள் கூட்டங்களில் அடிபடுபவை இவை: புதுக் குளங்கள், இருவர் ஆட்டம், தினசரி சவால், கடினத்தை இளக்குவது, வரைபடம் கட்டும் கருவி, ஒரே இருப்பில் முடியும் குறு ஆட்டம் (தலைப்பில் சொன்ன ஒரு போக ஆட்டம்). இதே சந்தியில் நிற்கும் வேறு சிறு குழுக்களும் இருக்கும் என்பதால் எங்கள் கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன்.

யாருக்காக இந்தக் கணக்கு

சும்மா ஆடுகிறவர் என்று நாங்கள் சொல்வது யாரை? மாங்குளம் சந்திப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை, ஏ9 வீதியில் ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வரும் இடைவெளியில் ஆடுகிறார். ஆள் வந்தால் போனைக் காசுப்பெட்டிக்கு மேல் கவிழ்த்து வைப்பார். தேத்தண்ணி ஆற்றி, வடையைக் கடதாசியில் சுற்றி, மிச்சக் காசு கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் திரையில் 3 மதகு, 5 வாய்க்கால், பாதியில் நிற்கும் ஒரு திருத்த வேலை. “தம்பி, நான் எதைத் திறந்தனான், என்னத்துக்குத் திறந்தனான் எண்டு எனக்கே நினைவில்லை. பிறகு முதல்ல இருந்து தொடங்குறன்,” என்றார். இப்படி முதலில் இருந்தே தொடங்கிக்கொண்டிருந்தால் எந்த மனிதருக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போகும்.

மல்லாவியில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. முதல் குளத்தைத் தாண்டவே இல்லை. முடியாமல் அல்ல, தாண்ட விருப்பமில்லை. அதே குளத்தில் ஒருமுறை முழுக்க நெல், இன்னொருமுறை கடைமடை வயல்களில் உழுந்து, இன்னொருமுறை வேலிக்குக் காசே ஒதுக்காமல் யானை வருகிறதா பார்ப்போம் என்று ஒரு சோதனை. அடுத்த குளம் திறந்திருக்கிறதே ரீச்சர் என்றால், “எனக்கு இந்தக் குளமே காணும்” என்கிறார். எட்டுக் குளம் செய்ய நாங்கள் உயிரை விட்டது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விசேஷம் அல்ல. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் எந்த விளையாட்டின் சாதனைப் பட்டியலையும் திறந்து பார்க்கலாம். எந்தக் கட்டத்தை எத்தனை வீதம் பேர் எட்டினார்கள் என்று அங்கே போட்டிருக்கும். பெரிய வியூக விளையாட்டு ஒன்றை எடுத்து, முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் எதிரே உள்ள எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘சிவிலைசேஷன்’ தொடரைச் செய்யும் ஃபிராக்ஸிஸ் நிறுவனமே, தொடங்கிய ஆட்டத்தைப் பலர் முடிப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் 2025 பெப்ரவரியில் வந்த ஏழாம் பாகத்தை மூன்று யுகங்களாக உடைத்தது.

அந்த உடைப்பில் ஒரு பாடம் இருக்கிறது. ஏழாம் பாகத்தில் சோழர் இருக்கிறார்கள், அதுவும் கூடுதல் காசு கேட்காத அடிப்படை விளையாட்டிலேயே. நம்மவர்களுக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் அவர்கள் நடு யுகத்துக்கு மட்டும் உரியவர்களாக வந்தார்கள். வெளியான நேரத்தில் சோழரோடு தொடங்கிச் சோழரோடு முடிக்க வழியே இல்லை. யுகம் மாறினால் நாகரிகமும் மாற வேண்டியிருந்தது. ஆட்டத்தைத் துண்டு போட்டதால் முடிப்பது இலகுவானது, ஆனால் ‘இது என்னுடையது’ என்ற ஒட்டுதல் அறுந்தது. ஸ்டீமில் விமர்சனங்கள் கலவையாக வந்ததற்குப் பலர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ஆக, சும்மா ஆடுகிறவரைப் பிடித்து வைக்கச் சின்னதாக்கினால் மட்டும் போதாது. மல்லாவி ரீச்சருக்கு அந்தக் குளம் அவருடைய குளம்.

புதுக் குளங்கள்

கேட்பவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். ஆங்கிலேயரோடு சண்டையிட்ட வன்னி மன்னன் பண்டார வன்னியனை வையுங்கள் என்று சொல்லாத ஆள் இல்லை. அவன் தோற்ற நாள் என்று கற்சிலைமடுக் கல்லில் பொறித்திருந்த 1803 ஒக்டோபர் 31 என்ற திகதி இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கதை கையில் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் அதற்குக் குதிரை வேண்டும், பீரங்கி வேண்டும், கோட்டை வேண்டும், நாங்கள் வேண்டாம் என்று வைத்த சண்டை வேண்டும். படம் கீறுகிறவர் ஒருவர்தான். அவருடைய மாதக்கணக்கான உழைப்பை ஒரு ஆள் ஒரு பின்னேரத்தில் ஆடி முடித்துவிட்டு, “நல்லாயிருக்கு, அடுத்தது எப்ப?” என்பார்.

பெரிய நிறுவனங்களுக்கு இது சரிவரும். ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ 1999இல் வந்தது. 2022இல் இந்தியப் பேரரசுகளுக்கென்று ஒரு தொகுப்பு, திராவிடர் என்ற பெயரில் ஒரு தரப்பு, ராஜேந்திரனுக்கு ஒரு தொடர் என்று இன்னமும் விற்கிறார்கள். அதில் வேலையாளைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்வான். அந்த ஒரு குரலுக்காகவே மறுபடி ஆடத் தொடங்கிய பெடியளை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களிடம் 20 வருசத்து ரசிகர் கூட்டமும் குரல் பதிவுசெய்யக் காசும் இருக்கிறது. மறுபக்கம் பரடொக்ஸ் என்ற வியூக விளையாட்டு நிறுவனத்தைப் பாருங்கள். 2012இல் வந்த ‘குருசேடர் கிங்ஸ் 2’க்கு மேலதிகத் தொகுப்புகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, 2019இல் அடிப்படை விளையாட்டை இலவசமாக்கினார்கள், ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’க்கு 2021இல் மாதச் சந்தா கொண்டுவந்தார்கள். புதிதாக வருகிறவன் வாங்க வேண்டியவற்றின் பட்டியலைப் பார்த்தே திரும்பிப் போகிறான். புதுக் கட்டம் என்பது முடித்தவருக்குக் கொடுக்கும் பரிசு. பாதியில் விட்டவரை அது திரும்பக் கூட்டி வராது.

காசு என்று பார்த்தால் மட்டும் இதற்கு ஒரு இடம் உண்டு. டொராண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் வாங்குவார்கள். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், தண்ணிமுறிப்பு என்று தங்கள் ஊர்க் குளத்தின் பெயரைத் திரையில் பார்க்க விரும்புகிறவர்கள் அவர்கள். அதைப் பிறகு செய்யலாம்.

இருவர் ஆட்டம்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். சேவையகம் வேண்டும், அதற்கு மாதாமாதம் டொலரில் காசு வேண்டும், எதிராளி வேண்டும், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே போனால் சிக்னலும் வேண்டும். தனியே ஆட விரும்புகிறவரைப் பிடித்து வைக்க இன்னொருவரைக் கூட்டிவந்து முன்னால் இருத்துவது என்ன நியாயமோ! நாலு பேர் சேர்ந்தால் 304 போட இங்கே எந்த வீட்டிலும் ஒரு கட்டுச் சீட்டு இருக்கிறது.

தினசரி சவால்

போன் விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் பிடித்திருக்கும் வழி. தினமும் வா, வந்தால் ஒரு பரிசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, வராவிட்டால் மணியடித்துக் கூப்பிடுவோம். 2012இல் இருந்து ஓடும் ‘கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்’ கட்டடம் எழும்ப மணிக்கணக்கில் காத்திருக்க வைத்தே ஆளைத் திரும்பத் திரும்ப வரவழைக்கிறது. எந்நேரமும் இணையமும் வேண்டும். எண்ணிக்கை கூடும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வன்னியில் சனத்தின் நேரம் நாளாக ஓடுவதில்லை, போகமாக ஓடுகிறது. அறுவடை வந்தால் இரண்டு மூன்று கிழமைக்குப் போனை ஒருவரும் திறக்க மாட்டார்கள். ஏ.எல். சோதனை வந்தால் பிள்ளைகளும் அப்படித்தான். கட்டிவைத்த தொடர் ஒருநாள் அறுந்தால், ‘இனி என்னத்துக்கு’ என்று விளையாட்டையே அழித்துவிடுகிறார்கள். வேலை கூடின நாளில் வயல்காரனுக்கு மணியடித்து “உங்கள் வயல் காத்திருக்கிறது” என்று சொல்கிற விளையாட்டைச் செய்ய எனக்கு மனமில்லை. இது கணக்கு அல்ல, என் அபிப்பிராயம்தான்.

அதே யோசனைக்குள் எடுக்கக்கூடிய ஒன்று மட்டும் உண்டு: எல்லாருக்கும் ஒரே குளம். 2021இல் வந்த ‘வேர்டில்’ நாளுக்கு ஒரு சொல் என்று கொடுத்தது, ஆடினவர்கள் வண்ணக் கட்டங்களைப் பகிர்ந்தே அது உலகம் முழுக்கப் பரவியது. அதை நாங்கள் கிழமைக் கணக்கில் செய்யலாம், சேவையகமே இல்லாமல். ஆண்டையும் கிழமை எண்ணையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அதைத் தற்செயல் எண்களின் விதையாக (அந்த எண்களைக் கணக்கிடத் தொடங்கும் எண்ணாக) கொடுத்தால், துணுக்காயிலும் டொராண்டோவிலும் இணையமில்லாமலே ஒரே குளம், ஒரே மழை விழும். முடிந்ததும் எத்தனை மூடை என்று ஒரு சின்னப் படம். விரும்பினால் வட்சப்பில் போடலாம். தவறவிட்ட கிழமைகள் அழியாமல் பட்டியலில் கிடக்கும். எவரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

செய்யப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விளையாட்டு இயந்திரம் (விளையாட்டைக் கட்டப் பாவிக்கும் மென்பொருள்) தருகிற தற்செயல் எண்ணை இதற்கு நம்பாதீர்கள். பதிப்பு மாறினால் அதே விதைக்கு வேறு எண் வரலாம். தற்செயல் எண்களை உருவாக்கும் ஒரு சின்ன நிரலை நீங்களே எழுதி, தசமம் கலக்காமல் முழு எண்களிலேயே கணக்கை வையுங்கள்.

கடினத்தை இளக்குவது

இதை ஒரு தெரிவாக எண்ணவே எங்களில் ஒருவர் விரும்பவில்லை. “ஈசியாக்கினால் வியூகம் எங்கே?” என்கிறார். ‘எக்ஸ்கொம் 2’ இதற்கு நல்ல பதில். 2016இல் வந்தபோது பல பணிகளில் இத்தனை சுற்றுக்குள் முடி என்று கெடு வைத்திருந்தார்கள். ஆறுதலாக யோசித்து ஆட வந்தவர்கள் கொதித்துப் போனார்கள். கெடுவை நீக்கும் இணைப்புகளை ரசிகர்களே செய்து போட்டார்கள். 2017இல் வந்த விரிவாக்கத்தில் கெடுவை இரட்டிப்பாக்கும் தெரிவை நிறுவனமே வைத்தது. இறுக்கமாக ஆட விரும்பியவருக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை.

‘சிவிலைசேஷன்’ ஐந்திலும் ஆறிலும் எட்டுப் படிகள் உண்டு. மேல் படிக்குப் போகும்போது கணினி கெட்டிக்காரனாவதில்லை. அதற்குக் கூடுதல் சலுகை கொடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். எங்களிடம் எதிராளியே இல்லை, மழைதான் இருக்கிறது. எனவே எங்களுக்கு இது இன்னும் சுலபம்: முன்னறிவிப்பு எத்தனை நாளுக்குத் தெரியும் என்ற ஒரே எண்ணை மாற்றினால் போதும். 3 நாள் முன்னே தெரிந்தால் கடினம், 10 நாள் முன்னே தெரிந்தால் இலகு. 2018 ஆம் ஆண்டில் வெளியான ‘இன்டூ த பிரீச்’ எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். எட்டுக்கு எட்டுக் கட்டப் பலகை, எல்லாம் கண் முன்னே, அப்படியிருந்தும் மண்டை காயும். தகவல் கொடுத்தால் வியூகம் செத்துவிடும் என்கிறவர்கள் அதை ஆடிப் பார்க்கலாம். ஒரு சண்டையில் ஒருமுறை மட்டும் சுற்றைத் திரும்பத் தொடங்கவும் அது விடுகிறது. அதே மாதிரி ‘போகத்துக்கு ஒருமுறை ஒரு கிழமை பின்னே போ’ என்று ஒரு பொத்தான் வைத்தால், கை தவறி மதகைத் திறந்தவர் கோபத்தில் விட்டுப் போக மாட்டார்.

செலவு குறைவு, பலன் உறுதி. ஆனால் இது ஆளைப் போகாமல் தடுக்கும், திரும்பி வர வைக்காது.

வரைபடம் கட்டும் கருவி

இதில் எனக்கு ஆசை உண்டு. ‘வார்கிராஃப்ட் 3’இன் வரைபடக் கருவியில் ரசிகர்கள் செய்ததுதான் ‘டோட்டா’. ‘பட்டில் ஃபொர் வெஸ்னொத்’ 2003இல் இருந்து இன்றுவரை உயிரோடு இருப்பதில் ரசிகர்கள் செய்து போடும் கதைத் தொடர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘சிவிலைசேஷன் 5’இன் விதிகளைப் பின்பற்றித் திறந்த மூலத்தில் எழுதிய ‘அன்சிவ்’, சாதாரண அன்ட்ராய்ட் போனில் இணையமில்லாமல் ஓடும். அதற்கும் மாற்றங்கள் செய்து போட ஒரு கூட்டம் இருக்கிறது. அறிவியல் நகர் பொறியியல் பீடத்திலும் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் பிள்ளைகளைக் கேட்டால் கை தூக்குவார்கள். ஆனால் கட்டுகிறவர்கள் சிலர், ஆடுகிறவர்கள் பலர். மாங்குளத்து அண்ணை குளம் கட்ட மாட்டார். நாங்கள் உள்ளே பாவிக்கும் கருவியைத் துடைத்து வெளியே விடுவதற்கே ஒரு போகம் போய்விடும்.

ஒரு போக ஆட்டம்

மிஞ்சுவது இது. ஒரு குளம், ஒரு போகம், விதைப்பில் இருந்து அறுவடை வரை 20 சுற்று, பஸ் இடைவெளிகள் இரண்டு மூன்றுக்குள் முடியும். ஒவ்வொரு முறையும் நிலமும் மழையும் வேறு. ‘பொலிட்டோப்பியா’ 2016இல் இருந்து இதைத்தான் செய்கிறது: 30 சுற்று, கடைசியில் ஒரு புள்ளி, பிடித்தால் இன்னொருமுறை. சுவீடனில் ஒரு சிறு நிறுவனம், 4 இனங்களை இலவசமாகக் கொடுத்துவிட்டு மற்றவற்றை விற்கிறது. ‘இன்டூ த பிரீச்’இல் இரண்டு தீவை மீட்டதும் கடைசிச் சண்டைக்குப் போகலாம், அல்லது நாலையும் மீட்டபின் போகலாம், எவ்வளவு நீளம் என்பதை ஆடுகிறவரே தீர்மானிக்கிறார். எங்கள் ஆட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தால்: போகம் முடிந்ததும் ‘இத்தோடு போதும்’, ‘இதே குளத்தில் அடுத்த போகம்’ என்று இரண்டு பொத்தான். முதலாவதை அழுத்தியவருக்கும் முழு வெற்றி. இரண்டாவதை அழுத்தியவருக்கு வாய்க்கால்கள் போன போகத்தில் விட்டபடியே இருக்கும், உடைந்தது உடைந்தபடி. ரீச்சர் ஒரே குளத்தில் 30 போகம் செய்யலாம்.

வேலை என்று பார்த்தால் ஒவ்வொரு முறையும் புது நிலத்தைத் தானாக உருவாக்கும் நிரல் ஒன்றுதான் பெரிது. எங்கே குளம் வைத்தாலும் தண்ணீர் சரிவில் வயலுக்கு ஓட வேண்டும், கடைமடை கடைசியில்தான் நனைய வேண்டும். மேட்டில் வயலும் பள்ளத்தில் குளமும் விழுந்தால் இங்கே சின்னப் பிள்ளையும் சிரிக்கும். எனவே நிலத்தைத் தற்செயலாக வரைந்துவிட்டுத் தண்ணீரைத் தேடாமல், முதலில் தண்ணீர் ஓடும் பாதையை வரைந்து அதைச் சுற்றி நிலத்தை எழுப்ப வேண்டும். படம் புதிதாக ஒன்றும் வேண்டாம், இருக்கிற எட்டுக் குளங்களின் துண்டுகளே போதும். கிழமைக் குளமும் இதற்குள்ளேயே அடங்கிவிடும், விதை ஒன்றுதானே மாறுகிறது.

இதோடு இரண்டு சின்ன வேலைகளை ஒட்டி வைக்கிறோம். ஒன்று, திரும்பத் திறந்தால் வரும் ஒரு பலகை: “14ஆம் சுற்று. 2ஆம் மதகு 3 சுற்றாகத் திறந்திருக்கிறது. நீங்கள் கடைசியாக இடதுகரை வாய்க்காலைத் திருத்தத் தொடங்கினீர்கள். மழை 4 நாளில்.” ஒவ்வொரு அசைவும் அந்தந்த நொடியே சேமிக்கப்பட்டால்தான் இது சாத்தியம். எங்கள் விளையாட்டைப் பழைய மேசைக் கணினியில் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டு. இந்த நாட்டில் ‘சேமிக்கவா?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கிற விளையாட்டு உருப்படாது.

இரண்டாவது, குளத்துக்குப் பெயர் வைக்கும் ஒரு பெட்டி. டொராண்டோக்காரர் தன் ஊர்ப் பெயரைத் தானே எழுதிக்கொள்வார், புதுக் கட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்குத் தமிழ் எழுத்து ஒழுங்காக விழ வேண்டும். நாங்கள் தொடங்கிய விளையாட்டு இயந்திரமான கொடோ 3இல் ‘கொக்கிளாய்’ என்று எழுதினால் கொம்பும் காலும் ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம் என்று சிதறும். 2023 மார்ச்சில் வந்த கொடோ 4 சிக்கலான எழுத்துகளைக் கோத்துக் காட்டும், எனவே அதற்கு மாறுவதும் இந்தப் போகத்து வேலைக்குள் வருகிறது. மாற்றம் சுகமாக இருக்காது, பழைய நிரலில் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். ஆனாலும் இருக்கிற சனத்தைத் தக்கவைக்க, பண்டார வன்னியனுக்குக் குதிரை கீறுவதை விட இது உதவும்.

ஆகவே வரிசை: முதலில் ஒரு போக ஆட்டமும் நினைவூட்டும் பலகையும், அதோடு முன்னறிவிப்பு எண்ணை மாற்றும் தெரிவு, அடுத்தது கிழமைக் குளம், சிறுபோகத்துக்குப் பிறகு நேரம் கிடைத்தால் விற்பனைக்கு மூன்று உண்மைக் குளங்கள். கருவி பிறகு, இருவர் ஆட்டம் இல்லை, தினமும் மணியடிப்பது இல்லவே இல்லை.

இந்த வரிசையை மாற்றக்கூடியது ஒன்றுதான். முதல் குளத்தையே முடிக்காமல் போகிறவர்கள் நாங்கள் நினைப்பதை விடக் கூட என்று தெரிந்தால், மேலே சொன்ன எதுவும் பயனில்லை; பழக்கிக் கொடுக்கும் முதல் பத்து நிமிடத்தைத்தான் திருத்த வேண்டும். இணையமில்லாத விளையாட்டு என்பதால் அந்த எண் தானாக எங்களுக்கு வராது. அதனால் அடுத்த சந்தை நாளில் பரந்தனில் ஒரு மேசை போட்டு, ஆடிப் பார்க்காதவர்களின் கையில் போனைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறோம்.